மேயப் போன குழவி

காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்க அண்ணாச்சி. பெட்டியிலிருந்து ஒழுகுவது ஐஸ் தண்ணீர்தான், வேறொன்றுமில்லை. வாடை அடிக்கிறதா? அடிக்காது. இன்று விடியற்காலையில் நீந்திக்கொண்டிருந்த மீன் அண்ணாச்சி, வாடை வர இனிமேல்தான் அதற்கு நேரம் பிறக்க வேண்டும். பெட்டி வந்து உங்களை இடிக்குமோ என்று பயப்படாதீங்க. அடியில் என் செருப்பு இரண்டையும் அண்டக் கொடுத்திருக்கிறேன். கோவில்பட்டி வரைக்கும் அது நூலளவு நகராது. ஒரு பொருளை ஓர் இடத்தில் நிறுத்தி வைப்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

சொல்லவா? பஸ் தூத்துக்குடியே இன்னும் தாண்டவில்லை. சொல்கிறேன்.

என் பெயர் வெயிலுமுத்து. பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில், சுத்தக் கரிசல் காடு. மழைத்தண்ணீர் முழங்காலுக்கு நின்றாலே வெள்ளம் என்று ஓடுகிற ஊர். தொழில், மோட்டார் காயில் கட்டுவது. பம்பு, மிக்சி, கிரைண்டர் எது எரிந்துபோனாலும் என்னிடம் வரும். கட்டியிருப்பதோ கடற்கரைப் பெண்ணை. ஜெசிந்தா. காதல்தான். அவர்கள் வீட்டு கிரைண்டரைச் சரிபார்க்கப் போய் வந்த வினை, அதை இன்னொரு பஸ்ஸில் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கடையையும் அவர்கள் ஊர்ப் பக்கமே மாற்றிக்கொண்டேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, சின்ன ஊர், பெரிய கோயில், ஊருக்கு முன்னால் கடல்.

மாமா கஸ்பார், வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். மச்சான் தொபியாஸும் அதே வள்ளம். அத்தை றோசாலி, வீட்டை ஆள்கிறவர். மூன்று பேரும் என்னை எப்படி வைத்திருந்தார்கள் தெரியுமா? தங்கமாக. "வாங்க தம்பி, இருங்க தம்பி, சாப்டியளா தம்பி." ஃபேன் எப்போதும் என் பக்கம் திரும்பியிருக்கும். சாப்பாட்டில் மீன் வந்தால் எனக்கு நடுத்துண்டு. முள் குறைவு, சதை அதிகம். எங்கள் அம்மாவிடம் போனில் சொன்னேன், "அம்மா, எனக்குத் தினமும் நடுத்துண்டுதான்." அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

மூன்று வருஷம் இப்படியே போனது. ஒருநாள் டிவி ரிப்பேர் பார்க்க ஒருவர் வந்தார். மதியம் ஆகிவிட்டது, அவரையும் சாப்பிட உட்கார வைத்தார்கள். பக்கத்தில் நான். அத்தை வந்து அவர் தட்டில் மீன் வைத்தார். நடுத்துண்டு. அதே மீன், அதே நடு. முள்ளுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவருக்கு.

என் துண்டையும் அவர் துண்டையும் மாறி மாறிப் பார்த்தேன் அண்ணாச்சி.

சாயந்திரம் ஜெசிந்தாவிடம் கேட்டேன். "உங்க வீட்ல நான் யாரு?"

"மருமவன்."

"அப்ப டிவிக்காரரு?"

சிரித்தாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டில் என்ன என்று கேட்பார்கள். பிறகு சொன்னாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். பெரிய மீன் வந்தால் அதன் தலை கடலுக்குப் போகிறவர்களுக்கு. மாமா, இல்லையென்றால் தொபியாஸ். வால் பக்கம் வீட்டுப் பெண்களுக்கு. நடுத்துண்டு விருந்தாளிக்கு. விருந்தாளிக்கு முள் குத்தக் கூடாது பாருங்க.

"அப்ப நான் விருந்தாளி."

"நீங்க கடலுக்குப் போறியளா? இல்லேல்லா? பெறவென்ன."

நான் பிடிவாதக்காரன் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்க. ஆனால் அன்றைக்கு முடிவெடுத்தேன். ஒரு மீன் தலை. அந்த வீட்டில், என் இலையில், அத்தை கையால். அதுபோதும் எனக்கு.

வள்ளத்தில் போகலாம்தான். மாமாவிடம் கேட்டுப் போனேன் ஒருநாள். போன கதையை விட்டுவிடுவோம். வாந்தியைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து, "தம்பிக்குக் காபி போடுங்க" என்று மாமா மரியாதையாகச் சொன்னபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ரிசார்ட்டில் நீச்சல்குள மோட்டார் கட்டப் போனேன். பின்பக்கம் ஒரு பழைய கயாக் கிடந்தது. பார்த்திருக்கிறீர்களா? முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காருகிற பிளாஸ்டிக் படகு, மஞ்சள் நிறம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட வேண்டும். தூக்கிப்போடத்தான் வைத்திருந்தார்கள், கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடவே இரண்டு மிதவைச் சட்டையும் கொடுத்தார்கள். அதிசயம் என்னவென்றால் அதில் எனக்கு வாந்தி வரவில்லை. டீசல் வாடை இல்லையல்லவா.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "தொட்டி." கோவில்பட்டிக்காரன் குளிக்கிற தொட்டியில் கடலுக்குப் போகிறான் என்று. நான் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாலே தொபியாஸ் கேட்பான், "மச்சான், சோப்பு எடுத்துக்கிட்டியளா?"

நான் தனியாகப் போவதற்கு ஜெசிந்தா சம்மதிக்கவில்லை. "ஒங்கள அலை கொண்டுபோனா எங்கம்மாவுக்கு யாரு மிக்சி பாப்பா?" என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் அவளே ஏறிக்கொண்டாள். வள்ளத்தில் பெண் பிள்ளை ஏறினால் ஊர் பேசும். தொட்டிதானே, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது. கவனமாகக் கேளுங்க, இதில் நீங்களும் ஒரு பக்கம் சேர வேண்டியிருக்கும்.

கயாக்கில் மீன் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவது. இன்னொன்று, நங்கூரமே இல்லாமல் நீரோட்டத்தோடு படகை விட்டுவிட்டு, அது போகிற போக்கில் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவது. அவர்கள் பாஷையில் ஒழுக விடுவது. ஜெசிந்தா ஒழுக விடுகிற கட்சி. நான் நங்கூரக் கட்சி.

"மீனு ஒரு எடத்துல நிக்காது. ஒழுகவிட்டா மீன் இருக்க எடத்துக்கு நாம போயிருவோம்" என்பாள்.

"கடையை ஒரு எடத்துல போட்டாத்தான் வாடிக்கை வரும். தெருத்தெருவா போனா யார் மதிப்பா?" என்பேன்.

"எங்கம்மா தெருத்தெருவா மீன் வித்துத்தான் என்னை டீச்சர் ட்ரெய்னிங் படிக்க வச்சா."

இந்த மாதிரி பதில் சொன்னால் ஒரு மனுஷன் என்ன செய்வான், சொல்லுங்க. நான் வாதத்தை அத்தோடு நிறுத்திவிட்டு நங்கூரத்தைப் போட்டுவிடுவேன்.

முதலில் ஒரு பெயின்ட் வாளியில் சிமெண்ட் கரைத்து ஊற்றிக் கட்டிக்கொண்டு போனேன். கயிற்றைப் படகின் பக்கவாட்டில் கட்டியிருந்தேன். நீரோட்டம் ஓர் இழுப்பு இழுத்தது, படகு ஒருச்சாய்ந்து, ஜெசிந்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சாப்பாட்டுத் தூக்கு ஒரு பக்கம். மிதவைச் சட்டை இருந்ததால் பிழைத்தோம். தூக்கு பிழைக்கவில்லை. பிறகு கயிற்றைப் பின்முனைக்கு மாற்றினேன், ஏனென்றால் நான் பிடிவாதக்காரன் இல்லை. வாளியை விட்டு, நானே கம்பியை வளைத்து நாலு கொக்கி வைத்து ஒரு நங்கூரம் பற்றவைத்தேன். அது கடலுக்கடியில் உள்ள பாரில், பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள், போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வராது. அறுத்துவிட்டு வந்தோம். இன்னொன்று செய்தேன். அதுவும் அங்கேயே. பாரில் எனக்கு இப்போது இரண்டு நங்கூரம் சொத்து இருக்கிறது.

மீன்? ஒன்றும் பெரிதாக இல்லை. விரல் நீளத்தில் ஏதாவது வரும். அதன் தலையை யாருக்கு வைப்பது?

இப்படி இருக்கும்போது ஊர்த் திருவிழா வந்தது. கொடியேற்றம். அன்றைக்கு அந்த ஊரில் ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடு. எல்லா வள்ளமும் தோரணம் கட்டிக் கரையில் நிற்கும். மதியம் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடிச் சாப்பாடு. மீன் முந்தின நாளே வந்து ஐஸில் இருக்கும். அதாவது அன்று காலையில் பிடித்த மீன் எந்த வீட்டிலும் இருக்காது.

யோசித்தேன். ஊர்க் கமிட்டித் தலைவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டேன். "ஐயா, வள்ளம்தான எறங்கக் கூடாது? தொட்டி எறங்கலாமா?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "தொட்டி தாராளமா போகட்டும் தம்பி. சாமி கோவிச்சுக்கிடாது" என்றார். கேலி செய்தவர்கள் வாயாலேயே அனுமதி வாங்கிவிட்டேன். எப்படி?

கொடியேற்றத்தன்று விடியக் கிளம்பினோம். கிளம்பும்போதுதான் நினைவுக்கு வந்தது, நங்கூரம் இரண்டும் பாரில் அல்லவா இருக்கிறது.

"கர்த்தரே வழி காட்டிட்டாரு. இன்னிக்கு ஒழுக விடுவோம்" என்றாள் ஜெசிந்தா.

நான் சுற்றிப் பார்த்தேன். கொல்லைச் சுவரோரம் அம்மி. அம்மி மேல் குழவி. நல்ல கருங்கல், உருட்டி வழுவழுவென்று இழைத்தது, கைக்கு அடக்கமான கனம். கொக்கி இல்லை, எனவே பாரில் மாட்டாது. கல், எனவே அசையாது. இதுவரை ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஐயோ, அம்மா குழவி! இன்னிக்கு மசாலா கையால அரைப்பா! திருவிழாக் கொழம்புக்கு மிக்சியைத் தொடமாட்டா!"

"பத்து மணிக்குத்தான அரைப்பாங்க? அதுக்குள்ள கொண்டாந்து வச்சிருவேன்."

குழவியின் இடுப்பில் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டினேன். மறுமுனைக்கும் ஒரு துண்டு டியூப் சுற்றிப் படகின் பின்முனையில் கட்டினேன். ஜெசிந்தா சும்மா இருக்காமல், படகிலிருந்து ஒரு முழம் தள்ளி அந்தக் கயிற்றில் ஒரு காலி எண்ணெய்க் கேனைக் கட்டினாள். ஏன் என்றேன். பெரிய மீன் இழுத்தால் கயிற்றை அவிழ்த்துவிடலாமாம், கேன் மிதந்துகொண்டு குழவி இருக்கும் இடத்தைக் காட்டுமாம், மீனைப் பிடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாமாம். செய்துகொள் என்று விட்டுவிட்டேன். பெண்களுக்கும் ஒரு திருப்தி வேண்டுமே.

கடலில் வேறு ஓர் ஆள் இல்லை. கரையில் இருந்து கோயில் மைக் செட் கேட்கிறது. பார் ஓரமாகப் போய், ஜெசிந்தா அடையாளம் பார்த்துச் சொன்னாள். கோபுரத்துச் சிலுவையும் கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தால் அதுதான் இடம். கடலில் தெருப்பெயர் கிடையாது அண்ணாச்சி, இப்படித்தான் பார்ப்பார்கள். குழவியை இறக்கினேன். மெதுவாக, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. கயிறு விறைத்தது. படகு நின்றது. கோவில்பட்டியில் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

பத்து நிமிஷத்தில் ஒரு விளமீன். உள்ளங்கை அகலம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை.

"பாத்தியா? ஒரே எடத்துல ஒக்காந்ததுக்குக் கெடச்ச கூலி" என்றேன்.

ஜெசிந்தா கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கேருங்க. அந்தப் பனையைப் பாருங்க."

பார்த்தேன். பனை கோபுரத்தை விட்டு இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றது.

"நகருதோம்லா?" என்றாள்.

"நாம எங்க நகருதோம்? கயிறு வெறப்பா இருக்கு பாரு. வெயில் ஏறிட்டா தூரத்துல உள்ளது இப்படித்தான் தள்ளித் தெரியும். கானல். எங்க ஊர்ல தெனமும் பாக்குறது."

அவள் கயிற்றைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். என் பக்கம் எட்டி, நான் பிடித்திருந்த கயிற்றில் ஒரு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் ஏதோ கேட்கிறவள் மாதிரி இருந்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமா, கானல்தான்" என்றாள். தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்கிற குணம் அவளிடம் உண்டு, சொல்ல வேண்டும்.

நாலாவது விளமீன். ஐந்தாவது. அதற்குள் பனை கோயிலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்விட்டது. நல்ல கானல் அன்றைக்கு.

ஆறாவதாக வந்ததுதான் அது.

ஜெசிந்தாவின் தூண்டிலில் இருந்த நைலான் நரம்பு விர்ரென்று ஓடியது. "பாறை! பாறை!" என்று கத்தினாள். நான் பாறையில் மோதப் போகிறோம் என்று துடுப்பைத் தூக்கிவிட்டேன். பாறை என்றால் மீன், பாறை மீன், வெள்ளித் தாம்பாளம் மாதிரி இருக்கும், இழுத்தால் எருமை மாதிரி இழுக்கும். அதன் தலைக்கறிக்காக அந்த ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள்.

மீன் முன்னால் இழுக்கிறது. பின்னால் குழவி இழுக்கிறது. நடுவில் படகு குறுக்காகத் திரும்பி ஒருச்சாய்கிறது, தண்ணீர் மடிக்கு வருகிறது.

"கயித்த அவுத்து விடுங்க!"

அவிழ்த்தேன். அவிழ்க்கப் பார்த்தேன். இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கட்டுகிற முடிச்சு காயில் கட்டுகிறவன் முடிச்சு. மோட்டார் சுற்றுகிற வேகத்தில் தளரவே கூடாது என்று போடுகிறது. பதினைந்து வருஷத்தில் நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்து வந்ததில்லை. அதுவும் அன்றைக்கு அவிழவில்லை. பெருமைப்படுகிற நேரமா அது?

"அவுக்க வரல!"

"அறுங்க!"

"அத்தை குழவி டி!"

"அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்! ஒங்களுக்குத் தலை வேணுமா, குழவி வேணுமா?"

அண்ணாச்சி, அந்த நேரத்தில் என் மனது பட்ட பாடு. ஒரு பக்கம் தலை. மூன்று வருஷம் நடுத்துண்டு தின்றவனுக்கு வந்த தலை. இன்னொரு பக்கம் அத்தையின் குழவி, அதுவும் திருவிழா அன்றைக்கு, அதுவும் கேட்காமல் எடுத்தது. நிதானமாக எடைபோட்டு அறுப்பது என்று முடிவு செய்தேன். ஜெசிந்தாவும் அதற்குள் திரும்பிப் பார்க்காமலே கத்தியைப் பின்னால் நீட்டி, "இப்ப அறுக்கியளா, நான் வரட்டா?" என்றாள்.

அறுத்தேன். கேன் குதித்துத் தனியாக மிதந்தது. படகு விடுதலை ஆனதும் அந்த மீன் எங்களை இழுத்துக்கொண்டு போனது பாருங்க! துடுப்பே போடாமல் போகிறோம். ஜெசிந்தா நரம்பை விட்டு விட்டுப் பிடிக்கிறாள், கை சிவந்துபோய், "வா ராசா, வா" என்று அதோடு பேசிக்கொண்டே. இதை ஒழுக விடுவது என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. அது மீன் இழுத்தது. ரொம்ப நேரம் கழித்து அது களைத்துப் படகின் பக்கம் சாய்ந்தது. அப்போது செவுளில் கைவிட்டுத் தூக்கி உள்ளே போட்டது யார்? நான்தான். கடைசியில் யார் கை மீனில் பட்டதோ அவன்தானே பிடித்தவன். அவள் அதுவரை நரம்பைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

குழவியை எடுக்கத் திரும்பினோம். கோபுரமும் பனையும் ஒன்றாகத் தெரிகிற இடத்துக்கே சரியாகப் படகைக் கொண்டுபோனேன். கேன் இல்லை.

"அங்க இருக்காது. தெக்க போய்ப் பாப்போம்" என்றாள்.

"வடக்க போட்டதைத் தெக்க தேடுவாங்களா?"

சுற்றிச் சுற்றித் தேடினோம். இல்லவே இல்லை. கடலில் ஆளே இல்லாத நாளில் ஒரு திருடன் எங்கிருந்து வந்தான் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மைக் செட்டில் மணி பத்து என்றார்கள்.

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். சொந்தக்காரர்கள் எல்லாம் முற்றத்தில் இருக்கிறார்கள். தொபியாஸ் மீனைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையை மறந்துவிட்டான். மாமா எழுந்தே நின்றுவிட்டார். "யாரு பிடிச்சா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா சொன்னாள், "அவுகதான் பிடிச்சாக." சிவந்த கையைத் தாவணியில், இல்லை இல்லை, சேலை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். உண்மை பேசுகிற குடும்பம் அண்ணாச்சி.

மாமா என் தோளில் கை வைக்கப் போகிறார். அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து அத்தை வந்தார். கையில் வறுத்த மிளகாய்த் தட்டு. விடிந்ததிலிருந்து குழவியைத் தேடியிருக்கிறார். பக்கத்து வீட்டில் இரவல் கேட்கப் போயிருக்கிறார். அந்தம்மா, "ஒங்க குழவி எங்க?" என்று கேட்டு, அது தெரு முழுக்கப் போய், கொடியேற்றத்தைவிடக் குழவியைத்தான் ஊர் அதிகம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தை என் கையைப் பார்த்தார். படகு முனையில் அவிழாமல் நின்ற கயிற்று மிச்சத்தையும் வெட்டியெடுத்துக் கையில் பிடித்தபடியே வந்திருக்கிறேன், அதில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று தொங்குகிறது. கொல்லையில் மிச்ச டியூப் கிடந்ததை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

"ஏலே!" என்றார்.

அண்ணாச்சி, மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து எனக்கு "தம்பி"யைத் தவிர வேறு சொல் வந்ததில்லை.

"ஏலே கூறுகெட்ட பயலே! எங்கம்மா எனக்குச் சீதனமாக் குடுத்த குழவியவாலே கடல்ல கொண்டு போட்ட? கொக்கி இல்லன்னா ஒன் தலையக் கட்டி எறக்கியிருக்க வேண்டியதான? அதுவும் கல்லாத்தான கெடக்கு!"

எல்லாரும் சிரிக்கிறார்கள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான் தலையைக் குனிந்து நிற்கிறேன். சொந்தபந்தம் முன்னால் ஒரு மருமகனை இப்படியா பேசுவது? என் மனக்குறையே அதுதான், அதைச் சொல்லத்தான் உங்களிடம் ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆரம்பித்த "ஏலே" இன்றைக்கு வரைக்கும் நிற்கவில்லை. ஃபேன்கூட இப்போது என் பக்கம் திரும்புவதில்லை. "ஏலே, அந்தக் கொடத்த எடுத்து வை", "ஏலே, தொபியாஸ எழுப்பு". காபி வேண்டுமென்றால் நானேதான் போய்ப் போட்டுக்கொள்கிறேன்.

மசாலாவை மிக்சியில் அரைத்தார்கள், திட்டிக்கொண்டே. பந்தி போட்டார்கள். நான் ஓரமாகப் போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தேன். குழவி போன பிறகு தலை எங்கே கிடைக்கப் போகிறது? நடுத்துண்டு வந்தால் மரியாதையாகத் தின்றுவிட்டு எழுந்துவிடுவோம் என்று இருந்தேன். அத்தை சட்டியோடு வரிசையாக வந்தார். மாமாவைத் தாண்டினார். தொபியாஸைத் தாண்டினார். என் இலைக்கு முன்னால் நின்றார்.

"குழவியத் தின்ன பயலுக்கு இதையும் வச்சுத் தொலைக்கேன்" என்று சொல்லி, தலையைத் தூக்கித் தொப்பென்று போட்டார்.

தொப்பென்று. குழம்பு தெறித்து என் வெள்ளைச் சட்டை முழுக்க. திருவிழாவுக்கு எடுத்த புதுச் சட்டை. கறை இன்னும் போகவில்லை, இதோ, இதுதான், இந்த மஞ்சள். பார்த்து வைத்திருக்கலாமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. டிவிக்காரருக்கு எவ்வளவு பதமாக வைத்தார்!

ஆனால் தலை அண்ணாச்சி. கன்னத்துச் சதையை எடுத்து வாயில் வைத்தேன். எப்படித் தின்பது என்று தெரியவில்லை, ஒரு முள் அண்ணத்தில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். எதிரே பரிமாறிக்கொண்டிருந்த ஜெசிந்தா குனிந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் இலையிலிருந்து மீன் கண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாள். போகட்டும், நரம்பைப் பிடித்திருந்தாளே.

குழவி? கிடைத்தது. திருவிழா முடிந்து வள்ளங்கள் இறங்கிய அன்றைக்கு மாமா தோளில் வைத்துக்கொண்டு வந்தார், எண்ணெய்க் கேனோடு. பக்கத்து ஊருக்கு நேரே கிடந்ததாம்.

"ஏல மாப்ள, நீ நங்கூரம் போடல. குழவிய மேய விட்டிருக்க. உருண்டக் கல்லு மணல்ல நிக்குமால? மெதுவா உருண்டு உருண்டு பார் ஓரமாவே ஒன்னையும் இழுத்துட்டுப் போயிருக்கு" என்றார்.

பெரியவர், எதிர்த்துப் பேசக் கூடாது. அறுத்துவிட்ட பிறகு உருண்டிருக்கலாம், யார் இல்லையென்றது? படகில் கட்டியிருந்த வரைக்கும் அது இம்மி நகரவில்லை. நான் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஊருக்கு எதற்குப் போகிறேன் என்கிறீர்களா? அத்தை அந்தக் குழவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எங்கள் அம்மாவிடம் ஒன்று இருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் பெரிது. கேட்டால் தரமாட்டாள். அதனால் கேட்கப் போவதில்லை. இந்தப் பெட்டியில் இருக்கிற மீனை அத்தைதான் கொடுத்துவிட்டார், "சம்மந்தியம்மா கையால தலையைச் சமைச்சு ஒனக்கு வைக்கச் சொல்லு" என்று. அம்மா மீனைப் பார்த்த சந்தோஷத்தில் இருக்கும்போது குழவி பைக்குள் போய்விடும்.

இதில் பெரிய வெற்றி எது தெரியுமா? ஜெசிந்தாவே என் கட்சிக்கு வந்துவிட்டாள். ஒழுக விடுவது என்ற பேச்சையே இப்போது எடுப்பதில்லை. காலையில் பஸ் ஏற்றிவிட வந்தவள், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள்? "நல்ல உருண்டையா இருக்கான்னு பாத்து எடுத்துட்டு வாங்க. பட்டையா கிட்டையா எடுத்துறாதிய." பாருங்க, நங்கூரத்தில் எவ்வளவு அக்கறை! மூன்று வருஷம் ஒருத்தியோடு வாதாடாமல், ஒரே இடத்தில் அமைதியாக நின்றால் கடைசியில் அவளே வந்து சேருவாள். நீங்களும் நங்கூரக் கட்சிதானே? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அடடா, எட்டயபுரம் தாண்டிவிட்டதா, பேச்சில் தெரியவே இல்லை. பெட்டியை எடுக்க வேண்டும். உங்கள் காலுக்குப் பக்கத்தில்... செருப்பு இருக்கிறது. பெட்டி? என்னது, முன்னாலா? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்டக்டர் கால் வைத்துக்கொண்டிருக்கிறாரே, அதுவா?

அது நகர்ந்திருக்காது அண்ணாச்சி. நான் வைத்த பெட்டி வைத்த இடத்தில்தான் இருக்கும். பஸ்தான் நகர்ந்திருக்கிறது.